எழுதினவளைக் கேளுங்கோ

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு கழிவுக் கடதாசிப் பெட்டியில். இதைவிட அழகான தொடக்கம் ஒன்றைத் தேடினேன், அகப்படவில்லை. உள்ளதையே போடுகிறேன்.

நல்லூர்ப் பக்கம் ஓர் அச்சகத்தில் இரவு வேலை செய்கிறேன். பல்கலைக்கழகத்தை இடையில் விட்டவன். ஏன் விட்டேன் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. எங்கள் அச்சகத்துக்குச் சோறு போடுகிறவர்கள் செத்தவர்கள். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க அவருடைய நினைவு மலர் வேண்டும். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, நடுவில் இரண்டு பக்கத்தில் அவருடைய வாழ்க்கை. வீட்டார் கடைசி நேரத்தில்தான் குறிப்புகளோடு வருவார்கள். அதனால்தான் இரவு வேலை. அந்த இரண்டு பக்கத்தை எழுதுகிறவன் நான்.

ஒரு பின்னேரம் வேலைக்குப் போனபோது, ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு பெண் எங்கள் கழிவுப் பெட்டிக்குள் குனிந்து நின்றார்.

"தம்பி, உந்தப் பிழைச்ச மலருகளை என்ன செய்வீர்?"

"கடலைக்காரருக்குப் போகும்."

"எனக்குத் தாரும். பள்ளிக்கூடத்துக்கு."

"செத்தவீட்டுப் புத்தகம், ரீச்சர்."

(ரீச்சர் என்று எப்படித் தெரிந்தது? சேலைத் தலைப்பில் சோக்குத் தூள். அதோடு, கேட்காமல் பெட்டிக்குள் கைவிட்ட அந்தத் துணிவு.)

"தெரியும். பேந்து என்ன, கடிக்குமே?"

அவர் பெயர் உதயகலா. உரும்பிராய்க்கு அங்கால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரிய நூலகர். பள்ளிக்கூடத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை.

2

கதையாக எழுதுவதென்று முடிவானதும் முதலில் எழுதியது இது:

"அமைதியே உருவான உதயகலா, புத்தகங்களின் நடுவே தன்னை மறந்து –"

வெட்டினேன். இது நினைவு மலர் மொழி, கை பழகிவிட்டது. தவிர, அவர் அமைதியானவருமல்ல. இரண்டாவது முயற்சி:

"நூலகத்தில் ஆழ்ந்த மௌனம் குடிகொண்டிருந்தது. அந்த மௌனத்தில் –"

இதுவும் பொய். மலர்க் கட்டு ஒன்றைக் கொடுக்க நான் முதன்முதலாகப் போன அன்று அந்த அறையில் திருநெல்வேலிச் சந்தை போலச் சத்தம். ஒரு பிள்ளைக்கு முழங்காலில் இரத்தம்; பள்ளிக்கூடத்தின் முதலுதவிப் பெட்டி நூலகத்தில்தான் இருக்கிறது. இன்னொரு பிள்ளை மைக்குக்கு வந்து நிற்கிறது, மைக்கும் நூலகத்தில்தான். மேசையில் ஒரு சட்டியில் கோதுமை மாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் துருசு என்ற நீல நஞ்சைக் கலந்து, ரீச்சர் ஒரு கையால் புத்தக முதுகுக்குப் பூசியபடி மறு கையால் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கை எதற்கென்று தெரியாமல் நான் கொஞ்சம் பயந்தேன்.

அந்த வேலையை யாரும் சரியாக எழுதியதாகத் தெரியவில்லை. ஆகவே ஒரு பந்தி கட்டுரையாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் ஒருவர் வராவிட்டால் பதில் பாடத்துக்கு முதலில் போவது நூலகர். காலையில் தரம் ஆறுக்குச் சுகாதாரம், அடுத்த பாடம் ஒன்பதுக்குப் புவியியல். ஏழாம் தரத்தின் கணிதம் நிரந்தரமாகவே அவருடைய தலையில். அரசாங்கத்தின் இலவசப் பாடநூல்கள் வந்தால் லொறியிலிருந்து இறக்குவது, பிரிப்பது, கொடுப்பது. மணி அடிப்பவர் லீவென்றால் மணி. பெரிய பெண் பிள்ளைகள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் கேள்வி கேட்காமல் திறக்கும் ஒரு மேசை லாச்சி. தமிழ்த்தினப் போட்டி வந்தால், பேச்சு எழுதித் தரச் சொல்லித் தாய்மார் வருவார்கள். எழுதிக் கொடுக்க மாட்டார். "மேடையிலை நிக்கப்போறது நானோ உங்கடை பிள்ளையோ?" என்று திருப்பி அனுப்புவார். பிறகு அந்தப் பிள்ளையை இருத்தி, அது தானாக ஒரு வசனம் சொல்லும்வரை எழும்ப விடமாட்டார்.

அவருக்கு முன்பிருந்தவர் அலுமாரிகளைப் பூட்டியே வைத்திருந்தார். குறை சொல்ல முடியாது: புத்தகம் தொலைந்தால் ஆண்டு முடிவில் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். உதயகலா வந்த கிழமையே பூட்டுகளைக் கழற்றி அதிபரின் மேசையில் வைத்தார்.

"துலைஞ்சால்?" என்றார் அதிபர் தியாகராசா.

"துலைஞ்சால் ஆரோ வாசிக்கினம் எண்டு அர்த்தம், சேர்."

3

நினைவு மலர்களை அவர் ஏன் கேட்டார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

எழுத்துக் கூட்டத் தெரியாமல் எட்டாம் தரம்வரை வந்துவிட்ட பிள்ளைகள் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் இருக்கிறார்கள். பின்வாங்கில் இருந்து, பார்த்து எழுதி, சத்தமில்லாமல் மேலே வந்துவிடுவார்கள். சிங்கமும் முயலும் கிணற்றடியில் நிற்கிற கதையைக் கொடுத்தால் அவர்களுக்கு அவமானம். தரம் எட்டுக்குரியதைக் கொடுத்தால் ஓடிவிடுவார்கள். ஆனால் நினைவு மலரில் இருப்பது அவர்களுடைய ஒழுங்கை, அவர்களுடைய கோயில், "அட, இது எங்கடை பெரியம்மான்ரை பேர்!" பெயரைக் கண்டுபிடிக்க வாசிப்பார்கள். அடுத்த பெயருக்காக அடுத்த வரி.

அதிபர் ஒருநாள் அலுமாரியைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார்.

"என்ன ரீச்சர் இது? செத்தவீட்டுப் புத்தகம். துடக்கெல்லே?"*

"சரித்திரப் புத்தகத்திலை வாற அரசர்மாரும் செத்த ஆக்கள்தானே, சேர்."

[* துடக்கு: சாவு வீட்டைத் தொடரும் தீட்டு. ஆனால் முப்பத்தோராம் நாள் அது கழிந்துவிடும், அன்றுதான் மலரும் கொடுக்கப்படும். ஆக, மலருக்குத் துடக்கில்லை. இதை அதிபருக்கு யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதால் தேவைப்படவுமில்லை.]

அப்படி வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளில் ஒருத்தி தர்சினி. தரம் எட்டு. தாய் வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. ஒன்றரை வருடமாக இடைவேளைகளில் அவளோடு உதயகலா உட்கார்ந்திருந்தார். இந்தக் கதை அவளுடையது. நான் அதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன், நீங்கள் மூன்றாம் பகுதியிலேயே கண்டுகொள்கிறீர்கள்.

4

நிறைய மலர்களை வாசித்து முடித்த பிறகு பின்வாங்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"ரீச்சர், செத்த ஆக்கள் எல்லாரும் நல்ல ஆக்களோ?"

"ஏனப்பன்?"

"எல்லாரும் இன்முகத்தோடை பழகினவையாம். எல்லாரும் ஏழையளுக்கு இரங்கினவையாம். பேந்து என்னெண்டு ஒழுங்கையிலை இவ்வளவு சண்டை?"

வகுப்பு சிரித்து அடங்க நேரமெடுத்ததாம். அந்த இன்முகத்தை எழுதியவன் நான். அதற்காக வருந்தப் போவதில்லை. குறிப்பில் உள்ளதை வைத்துத்தான் எழுத முடியும், செத்தவர் கஞ்சன் என்று எவரும் குறிப்புத் தருவதில்லை.

உதயகலா சொன்னார்: "அப்ப நீங்கள் எழுதுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்ச, செத்துப்போன ஒராள். கண்டதை மட்டும்."

அது ஒக்டோபர், வாசிப்பு மாதம். பிள்ளைகள் எழுதிய பக்கங்களை அவர் நூலகத்துக்குள் கொடி கட்டி, உடுப்புக் காயப்போடுவது போலத் தொங்கவிட்டார். "கந்தப்பு மாமா பந்து வேலிக்குள்ளை போனால் தரமாட்டார். ஆனால் பட்டம் கட்டித் தருவார்." "பொன்னு ஆச்சி ஊசி போட வாற மிஸ்சுக்கு ஒளிச்சுத் திரிவா." இப்படி. பெற்றோர் வந்து வாசித்துச் சிரித்தார்கள்.

தர்சினி எழுதியது அருளம்பலம் என்பவரைப் பற்றி. நிறையத் தோட்டக்காணி வைத்திருந்தவர், பள்ளிக்கூடத்து அபிவிருத்திச் சங்கத்தில் இருந்தவர், அந்த வருடம்தான் இறந்தார். அவருடைய மலரையும் நாங்கள்தான் அடித்தோம். அவள் எழுதியதை ஓர் எழுத்து மாற்றாமல் தருகிறேன்:

"அருளம்பலம் ஐயான்ரை தோட்டத்துக்கு அம்மா வெங்காயம் கிண்டப் போறவ. லீவிலை நானும் போவன். ஐயா ஏச மாட்டார். தேத்தண்ணி தருவார். சீனி கூடப் போடுவார். அவையள் கிளாசிலை குடிப்பினம். எங்கடை பேணி வேலியிலை கொழுவிக் கிடக்கும். குடிச்சிட்டு நாங்களே கழுவிக் கொழுவ வேணும். ஐயா செத்த அண்டைக்கு அம்மா சரியா அழுதவ. பேணி இப்பவும் வேலியிலை கிடக்குது."

இதுதான். இதற்குக் கீழே நான் ஒரு பந்தி விளக்கம் எழுதி, பிறகு முழுவதையும் அழித்தேன். யார் வீட்டுக்குள் குடிப்பது, யாருடைய தகரப் பேணி வீட்டுக்கு வெளியே தொங்குவது என்பதற்கு எங்கள் ஊரில் ஒரே காரணம்தான் உண்டு, சாதி. அதை அவள் எழுதவில்லை. கண்டதை எழுதினாள்.

5

யாரோ அதைப் படமெடுத்து ஊர் வைபர் குழுவில் போட்டார்கள். அது கனடா போய், லண்டன் போய், அன்றைக்கே உரும்பிராய்க்குத் திரும்பி வந்து, அருளம்பலத்தின் மகன் வாகீசனின் கையில் விழுந்தது.

வாகீசனை எப்படி எழுதுவதென்பதில் எனக்குத் தகராறு. மீசையை முறுக்க வைத்து, மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்து இறங்க வைத்தால் கதைக்கு வசதி. ஆனால் நான் அவரைக் கண்டிருக்கிறேன். தகப்பனின் மலருக்கு அச்சுப்படி பார்க்க வந்தவர், படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைப்பது போலக் கொஞ்ச நேரம் திரும்பி நின்றார். தோட்டத்தில் தானும் இறங்கி வேலை செய்கிறவர். நகத்தில் செம்மண். தகப்பனின் இடத்தில் இப்போது அபிவிருத்திச் சங்கத்தில் அவர்தான்.

அவளுடைய பக்கத்தில் அவரைச் சுட்டது எந்த வசனம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? நான் முதலில் பிழையாக நினைத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் நேராக அதிபரிடம் போனார். ரீச்சர் தகப்பனின் பெயரைக் கெடுக்கவென்று எழுதிக் கொடுத்துத் தொங்கவிட்டிருக்கிறார் என்றார். அந்தப் பிள்ளைக்கு வாசிக்கவே தெரியாதென்று ஊருக்குத் தெரியுமாம். தியாகராசா கெட்டவரல்ல, களைத்தவர். உதயகலாவைக் கூப்பிட்டு, புதிய பாட நேரசூசியைக் காட்டினார். அடுத்த தவணையிலிருந்து நூலகம் பூட்டு. உதயகலா முழுநேரமும் கணிதம். நூலக அறை சங்கத்தின் கூட்டங்களுக்கு.

"இல்லாட்டி ஒரு வழி இருக்கு, ரீச்சர். மாதிரிக்கு நீர் எழுதினதெண்டு சொல்லும். ஒரு மன்னிப்பு. பிள்ளையும் தப்பும், அறையும் தப்பும்."

6

இந்த இடத்தை நான் முதலில் எழுதிய விதம்:

உதயகலா யன்னலுக்கு வெளியே பார்த்தார். தர்சினியின் முகம் கண்முன் வந்தது. மெல்லத் தலைகுனிந்து, "ஓம் சேர். நான்தான் எழுதினனான். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது" என்றார். ஒரு துளிக் கண்ணீர் –

எழுதி முடித்ததும் எனக்கு நன்றாகவே பட்டது. தியாகம், தாய்மை, எல்லாம் இருந்தது. அடுத்த முறை அவர் அச்சகத்துக்கு வந்தபோது வாசித்துக் காட்டினேன்.

"உதை வெட்டும்," என்றார்.

"ஏன் ரீச்சர்? வாசிக்கிற ஆக்களுக்குப் பிடிக்கும்."

"ஒரு பந்தி எழுத அவள் எவ்வளவு பாடுபட்டவள் தெரியுமோ? அதை நான் ஒரு சொல்லிலை என்ரை எண்டு சொல்லுறதோ? உது தியாகமில்லைத் தம்பி. உது களவு."

"அப்ப என்ன சொன்னனீங்கள்?"

"நேரசூசியை நீங்கள் மாத்துங்கோ சேர், அது உங்கடை அதிகாரம். எழுதினது அவள், அது அவளின்ரை அதிகாரம் எண்டன்."

என் பந்தியை வெட்டவில்லை, மேலே விட்டிருக்கிறேன். நாங்கள் ஆசிரியர்களைப் பற்றி எவ்வளவு சுலபமாகப் பொய் எழுதுகிறோம் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

7

இது நடந்தபடி. உதயகலா சொன்னதையும் தியாகராசா பிறகு எனக்குச் சொன்னதையும் ஒத்துப் பார்த்து எழுதுகிறேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அதிபரின் அறை. வாகீசன் கதிரையில். தர்சினியைக் கூப்பிட்டு விட்டார்கள். அவள் வந்து ரீச்சருக்குப் பக்கத்தில் நிற்காமல், மேசைக்கு முன்னால் தனியாக நின்றாள். நிற்கச் சொன்னது யார் என்று கேட்டேன். "ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார் உதயகலா. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஊர்த் தேரின் வடத்தை முதன்முதலாகப் பிடித்தவர் போல இருந்தது.

"நீயோ எழுதினது?" என்றார் வாகீசன்.

"ஓம்."

"ஆர் சொல்லித் தந்தது?"

"எழுத்து ரீச்சர் சொல்லித் தந்தவ. மற்றது நான் கண்டது."

வாகீசன் நம்பவில்லை. அவள் எழுதியதைக் கொடுத்தால் பாடமாக்கி ஒப்பிப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ, கையில் கொண்டுவந்திருந்த தகப்பனின் நினைவு மலரை விரித்து நீட்டினார்.

"உதை வாசி பாப்பம்."

அவள் வாசித்தாள். மெதுவாக, விரலை வைத்து. "பரோபகார சிந்தையும்" என்ற இடத்தில் நின்று, பின்வாங்கி, இரண்டாகப் பிரித்து, ஏறி இறங்கினாள். (அந்தச் சொல்லைப் போட்டவன் நான். இதைக் கேட்டபோது மட்டும் அதற்காக என்னைத் திட்டிக்கொண்டேன்.) யாரும் உதவவில்லை. உதயகலா சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏழைகளுக்கு இரங்கும் உள்ளம் கொண்டவராகவும் திகழ்ந்தார்." முற்றுப்புள்ளியில் குரல் சரியாக இறங்கியது.

பிறகு, ஒருவரும் கேட்காமலே, அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

"இது ஆர் எழுதினது?"

"பிரசுக்காரர்," என்றார் வாகீசன்.

"அவர் ஐயாவைக் கண்டவரோ?"

"இல்லை."

அவள் மலரை மூடி, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

நான் எழுதியவற்றுக்கு இதுவரை கிடைத்த விமர்சனம் அது ஒன்றுதான். நல்ல விமர்சனம். அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்ததில் எனக்குப் பெருமை, மறைக்கப் போவதில்லை.

தியாகராசா நேரசூசியை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவரும் ஒரு காலத்தில் தமிழ் படிப்பித்தவர். வாசிக்கத் தெரியாதென்று ஊர் சொன்ன பிள்ளை தன் மேசைக்கு முன்னால் வாசித்த பிறகு எந்த அறையைப் பூட்டுவது? "அறையைப் பற்றின கதை முடிஞ்சுது, வாகீசன்," என்றார்.

வாகீசன் மலரை மடியில் வைத்தார். பிறகு உதயகலாவிடம், குரலைத் தாழ்த்தி:

"முழுக்க வேண்டாம், ரீச்சர். கடைசி வசனத்தை மட்டும் வெட்டிவிட்டால் காணும். அம்மா இருக்கிறா. ஆரும் அவவுக்கு வாசிச்சுக் காட்டுவினம்."

கடைசி வசனம். "பேணி இப்பவும் வேலியிலை கிடக்குது." நான் முன்பு பிழையாக நினைத்தேன் என்றேனே, கிளாஸ் வசனம்தான் சுட்டதென்று நினைத்திருந்தேன்; சுட்டது இது. மற்றதெல்லாம் செத்தவரைப் பற்றியது. இந்த ஒரு வசனம் உயிரோடிருப்பவரைப் பற்றியது. இப்போது அந்த வேலி வாகீசனுடையது.

"என்னைக் கேளாதையுங்கோ," என்றார் உதயகலா. "எழுதினவளைக் கேளுங்கோ."

வாகீசன் தன் தோட்டத்தில் கூலிக்கு வருகிறவளின் மகளிடம் எதையும் கேட்டுப் பழகியவரல்ல. சொல்லித்தான் பழக்கம். கதிரையில் ஒருமுறை அசைந்தார். எழும்பிப் போய்விடுவார் என்று தியாகராசா நினைத்தாராம். போகவில்லை.

"பிள்ளை, அந்த வசனத்தை வெட்டுவியோ?"

தர்சினி யோசித்தாள். ரீச்சரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேணி இப்பவும் கிடக்குதுதானே, ஐயா?"

வாகீசன் மடியிலிருந்த மலரைப் பார்த்தார்.

"எடுத்தாப் பிறகு வெட்டிறன்," என்றாள்.

8

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) அன்று பின்னேரமே வாகீசன் வேலியடிக்குப் போய்ப் பேணியைக் கழற்றி, அடுத்த நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிளாசில் – [வேண்டாம். மனிதர்கள் இவ்வளவு வேகமாக மாறினால் எனக்கு வேலையே இருக்காது.]

(ஆ) பேணி கிடந்தபடியே கிடக்கிறது. தர்சினியின் தாய்க்கு அந்தத் தோட்டத்தில் வேலை போய்விட்டது. [இது நடக்கக்கூடியது. எழுதும்போது கை நின்றது. இதை எழுதி வைத்தால் நடக்கச் சொன்னதாகிவிடுமோ என்று.]

(இ) பேணியை யாரோ எடுத்துவிட்டார்கள். யாரென்று தெரியவில்லை. கம்பி மட்டும் – [கெட்டித்தனம். வெட்டு.]

எதுவும் சரிவராததால், நேரே போய்க் கேட்பதென்று ஒரு பகல் நித்திரையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நூலகம் திறந்திருந்தது. உதயகலா எங்கோ பதில் பாடத்துக்குப் போயிருந்தார். அவருடைய மேசையில் தர்சினி இருந்து, வரிசையில் நின்ற சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடியில் பக்கங்கள் தொங்கின. அவளுடைய பக்கமும். எனக்கு முதுகு காட்டியபடி.

கடைசி வசனம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்திருக்கலாம். கை நீட்டினால் எட்டும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நான் உன்ரை கதையை எழுதிக்கொண்டிருக்கிறன். பிரசிலையிருந்து வாறன். கடைசியிலை என்ன நடந்தது எண்டு சொல்லுவியோ?"

"நீங்களோ அது?" என்றாள். மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். கோபமில்லை, சரிபார்ப்பது மாதிரி. "ஒழுங்கையாலை போனால் வேலி தெரியும் அண்ணை. போய்ப் பாத்திட்டு எழுதுங்கோ. காணாமல் எழுதாதையுங்கோ."

பிறகு, "அடுத்த ஆள் வாங்கோ," என்று வரிசையைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். அந்த ஒழுங்கை இடது பக்கம் திரும்புகிறது, அச்சகத்துக்குப் போகிற வீதி வலது பக்கம். வலது பக்கம் திரும்பினேன். பேணி கிடந்தால் என்ன எழுதுவது, கிடக்காவிட்டால் என்ன எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வேலி வீதியோரம் இருக்கிறது; யாரும் பார்க்கலாம், நீங்களும். நான் இன்னும் பார்க்கவில்லை. ஆகவே எழுதவில்லை.